மொட்டைமாடி பஸ்ஸில் சிங்கப்பூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யாராவது வந்தால் இரண்டாம் நாளே எழும் கேள்வி, "அந்த மேல்கூரை இல்லாத பஸ்ஸில் போகலாமா?" என்பதுதான். போகலாம். ஆனால் அது எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் ஏறினால் பாதி நாள் நிறுத்தத்தில் நின்றே கழியும். சீட்டு வாங்கும் முன் படிக்க வேண்டியவை இவை. மேல்தளம் திறந்த சுற்றுலா பஸ்ஸை வசதிக்காக இங்கே மொட்டைமாடி பஸ் என்றே சொல்லிக்கொள்வோம்.

ஹாப்-ஆன் ஹாப்-ஆஃப் என்றால் என்ன? சாதாரண டூர் பஸ்ஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண டூரில் வழிகாட்டி சொல்லும் இடத்தில் இறங்கி, அவர் சொல்லும் நேரத்தில் திரும்ப வேண்டும். இதில் அப்படியில்லை. ஒரே தடத்தில் பல பஸ்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். விரும்பிய நிறுத்தத்தில் இறங்கலாம், பார்த்து முடித்ததும் அடுத்து வரும் பஸ்ஸில் ஏறலாம். ஒரே சீட்டு, நாள் முழுக்கச் செல்லும். நீங்கள் இறங்கிய பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. ஆகவே பையையோ குடையையோ இருக்கையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பலர் தவறுவது இங்கேதான்.

ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டேன். திரும்பிப் போக முடியுமா?

முடியாது. வட்டம் ஒரே திசையில்தான் சுற்றும். ஒரு நிறுத்தம் பின்னால் போக வேண்டுமென்றால் முழு வட்டத்தையும் சுற்றி வர வேண்டும், அல்லது இறங்கி நடக்க வேண்டும்.

இதற்குக் காரணம் நிறுவனத்தின் கஞ்சத்தனம் அல்ல. சிங்கப்பூர் நகர மையத்தின் முக்கியச் சாலைகளில் பல ஒருவழிப் பாதைகள். ஆர்ச்சர்ட் சாலை நகரை நோக்கி மட்டுமே ஓடும். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையில் போகும் பஸ் ஜாலான் புசார் வழியாகத் திரும்பும். சைனாடவுனில் நியூ பிரிட்ஜ் சாலையும் யூ டோங் சென் தெருவும் அப்படியே: ஒன்றில் போனால் மற்றதில் வர வேண்டும். இறங்கிய இடத்துக்கு எதிர்ப்புறம் போய் நின்றால் திரும்பும் பஸ் வரும் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே பலிக்காது. சுற்றுலா பஸ்ஸுக்கு மட்டுமல்ல, பொதுப் போக்குவரத்துப் பஸ்ஸுக்கும் இதே கதைதான்.

ஆகவே முதல் வேலை: தட வரைபடத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பார்க்க விரும்பும் இடங்களை அந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த வரிசையில் எழுதினால் பஸ் அதற்கு ஒத்துவராது.

ஒரு நாளில் எத்தனை இடங்களில் இறங்கலாம்?

நான்கு. ரொம்பச் சுறுசுறுப்பானவர் என்றால் ஐந்து. வரைபடத்தில் இருபது நிறுத்தங்கள் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலை 9.30 முதல் மாலை 5.30 வரை பஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 480 நிமிடம். ஒரு முழுச் சுற்றுக்கு 90 நிமிடம் போனால் மிச்சம் 390. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக 330. ஓரிடத்தில் ஒரு மணி நேரம் பார்க்கிறீர்கள், அடுத்த பஸ்ஸுக்குச் சராசரியாக 20 நிமிடம் நிற்கிறீர்கள் என்றால் ஓர் இறக்கத்துக்கு 80 நிமிடம். நான்கு இடத்தோடு நாள் முடிந்தது.

உண்மையில் நேரத்தைத் தின்பது பார்ப்பது அல்ல, காத்திருப்பது. அதனால் நீங்கள் வாங்கப்போகும் தடத்தில் இரண்டு பஸ்களுக்கு இடைவெளி எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள். இடைவெளி 30 நிமிடம் என்றால் ஓரிடத்தில் 25 நிமிடமோ 55 நிமிடமோ இருப்பது லாபம். 35 நிமிடம் இருந்தால் பஸ் ஐந்து நிமிடத்துக்கு முன்தான் போயிருக்கும், அடுத்த 25 நிமிடம் வெயிலில் நிற்க வேண்டும். இறங்கியதுமே ஓட்டுநரிடமோ செயலியிலோ அடுத்தடுத்த பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு நகருங்கள். நிறுத்தக் கம்பத்தில் அட்டவணை ஒட்டியிருந்தால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

24 மணி நேரச் சீட்டும் ஒரு நாள் சீட்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஒரு நாள் சீட்டு என்றால் அன்றைய கடைசி பஸ்ஸோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். பிற்பகல் 2 மணிக்கு ஏறினால் மூன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். 24 மணி நேரச் சீட்டு முதல் முறை ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை செல்லும். அந்த வகை கிடைத்தால் காலையில் தொடங்காமல் பிற்பகல் 4 மணிக்கு வெயில் இறங்கத் தொடங்கும்போது ஏறுங்கள். மறுநாள் காலையில் மிச்சத்தை முடிக்கலாம். இரண்டு நாளும் உச்சி வெயிலில் மேலே உட்காராமல் தப்பிக்கலாம்.

இணையத்தில் வாங்கியது சீட்டா, சீட்டாக மாற்ற வேண்டிய வவுச்சரா என்பதையும் பாருங்கள். வவுச்சர் என்றால் குறிப்பிட்ட முகப்பில் கொடுத்து மாற்றிய பிறகே ஏறவிடுவார்கள். அந்த முகப்பு நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்கு எதிர் மூலையில் இருக்கலாம். கியூஆர் குறியீட்டை நேராக ஓட்டுநரிடம் காட்டி ஏறலாம் என்று எழுதியிருந்தால் நிம்மதி. குடும்பத்தில் எல்லார் சீட்டும் ஒரே கைப்பேசியில் இருந்தால் பிரிந்து போக முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

கொடுக்கும் பணத்துக்கு மதிப்பா?

யார் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு பெரியவர்கள் போனால் நூறு வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாராளமாகத் தாண்டும். நகரத்துக்குள் பொது பஸ்ஸிலோ எம்ஆர்டி எனும் நகர ரயிலிலோ ஒரு பயணம் பெரும்பாலும் இரண்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும். இடம் விட்டு இடம் போவதற்கு மட்டும் என்றால் மொட்டைமாடி பஸ் தண்டச்செலவு.

ஆனால் முதல் முறை வந்திருக்கும் அறுபது வயதுக்கு மேற்பட்ட அப்பா அம்மா என்றால் வேறு பேச்சு. நிலத்தடி ரயிலில் போனால் ஊரையே பார்க்க முடியாது. மின்படி, சுரங்க நடை, மறுபடி மின்படி என்று கால் ஓய்ந்துவிடும். பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலிருந்தே நகரம் கண்முன் ஓடும். அவர்களுக்கு இது நல்ல செலவு. அதோடு, அப்பாவிடம் விலையைச் சொல்லாமல் இருப்பது நாளைக் காப்பாற்றும்.

முதலில் இறங்காமல் ஒரு முழுச் சுற்றுப் போக வேண்டும் என்கிறார்களே?

பல ஊர்களுக்கு அது நல்ல யோசனை. சிங்கப்பூரில், அதுவும் கோயிலும் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு, அது சரிவராது. காலை 9.30-க்கு ஏறி ஒன்றரை மணி நேரம் சுற்றினால் மணி 11 ஆகிவிடும். இங்குள்ள பல கோயில்களில் பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் மாலை 5, 6 மணிக்குத்தான் திறக்கும். லிட்டில் இந்தியாவும் சைனாடவுனும் வேறு வேறு மூலையில் இருப்பதால் இரண்டில் ஒன்று நிச்சயம் விட்டுப்போகும்.

மாற்று வழி இது: காலை 8 மணிக்கே எம்ஆர்டியில் லிட்டில் இந்தியா போய்க் கோயிலும் காலைச் சாப்பாடும் முடித்துக்கொள்ளுங்கள். 10 மணி வாக்கில் அங்கேயே மொட்டைமாடி பஸ்ஸில் ஏறுங்கள். உங்கள் வட்டம் அங்கிருந்து தொடங்கும்.

லிட்டில் இந்தியாவில் என்ன பார்ப்பது? நடக்கும் தூரமா?

தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்திலிருந்து சீனிவாசப் பெருமாள் கோயில் வரை சிராங்கூன் சாலையிலேயே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வழியில் வீரமாகாளியம்மன் கோயில். ஒருமுனையில் தொடங்கி மறுமுனைக்குப் போய்விட்டால் அங்கே ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையம் இருக்கிறது, திரும்பி நடக்க வேண்டாம். மொட்டைமாடி பஸ்ஸில்தான் ஏற வேண்டும் என்றால் மட்டும் தேக்கா பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் பெருமாள் கோயிலில் தொடங்கித் தேக்கா பக்கம் இறங்கி வருவது புத்திசாலித்தனம்.

கேம்பல் லேனில் 2015-ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. மீனும் காய்கறியும் விற்கும் தேக்காவின் ஈரச்சந்தையிலும் திங்களன்று பல கடைகள் பூட்டியிருக்கும். வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் திங்களைத் தவிருங்கள். ஞாயிறு மாலை கூட்டம் அலைமோதும்; அதுவே ஒரு காட்சி என்று நினைப்பவர்கள் போகலாம், குழந்தை வண்டியோடு போகாதீர்கள்.

தைப்பூசக் காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டுத் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் முடியும். அன்று அந்தப் பாதையில் எந்தப் பஸ்ஸையும் நம்ப வேண்டாம்.

சைனாடவுனில் நமக்கென்ன இருக்கிறது?

சவுத் பிரிட்ஜ் சாலையில் இறங்குங்கள், தெரியும். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலான ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கேதான். 1819-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முன்னின்று 1827-ல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக எழுப்பியது. 1973 முதல் தேசிய நினைவுச் சின்னம். கோயிலுக்குச் சற்று முன்னால், அதே வரிசையில், 1826-ல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல். சூலியா என்பது சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் பெயர்.

கோயிலை ஒட்டிய சந்தின் பெயர்ப் பலகையைப் பாருங்கள்: பகோடா தெரு. சீனப் பகோடா (அடுக்குக் கோபுரம்) எங்கே என்று தேடாதீர்கள். பெயர் வைத்தவர்கள் பகோடா என்று சொன்னது மாரியம்மன் கோயில் கோபுரத்தைத்தான். மறுபக்கம் டெம்பிள் தெரு, பள்ளிவாசலை ஒட்டி மாஸ்க் தெரு. சைனாடவுனின் மூன்று தெருக்களுக்கு நம்மவர் கட்டிய கட்டடங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. பஸ்ஸின் மேல்தளத்திலிருந்து கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் ஏறக்குறைய கண்மட்டத்தில் கடந்து போகும். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பதைவிட அது நல்ல காட்சி. கேமராவைத் தயாராக வைத்திருங்கள், சில நொடிதான்.

இன்னும் பத்து நிமிடம் நடக்கத் தெம்பிருந்தால் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்டது. ஒரு காலத்தில் அந்தத் தெருதான் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி சொன்ன இடங்கள் அந்த வரிசையில் நிற்கின்றன. இன்று கடலைப் பார்க்க இன்னும் வெகுதூரம் போக வேண்டும், நடுவே எல்லாம் தூர்த்த நிலம்.

பாடாங் பக்கம் பஸ் வேகமாகப் போய்விடுகிறது. இறங்க வேண்டுமா?

வரலாற்றில் ஆர்வம் இருந்தால் இறங்குங்கள். 1943 ஜூலை 5-ல் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டது இந்தத் திடலில்தான். மலாயாவின் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழர்கள் அந்தப் படையில் ஏராளம். எதிரே எஸ்பிளனேட் பூங்காவில் அந்தப் படைக்கான நினைவுக் கல் இருக்கிறது. சிறியது, தேடிப் பார்க்க வேண்டும். திடலைப் பார்த்து நிற்கும் பழைய உச்ச நீதிமன்றமும் நகர மன்றமும் 2015 முதல் தேசியக் கலைக்கூடமாக இயங்குகின்றன. வெயிலுக்கு ஏசியும், கழிப்பறையும் உண்டு.

அங்கிருந்து மெர்லயனுக்கு நடந்தே போகலாம். சிலை 8.6 மீட்டர் உயரம், 1972-ல் திறக்கப்பட்டது, 2002-ல் இப்போதைய இடத்துக்கு மாற்றப்பட்டது. படங்களில் பார்த்ததைவிடச் சிறிதாகத்தான் தெரியும்.

பூமலைக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?

தாவரவியல் தோட்டத்தைப் பழைய தமிழ்க் குடும்பங்கள் பூமலை என்றே சொல்வார்கள். 1859-ல் தொடங்கியது, 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நுழைவு இலவசம், காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். சரியாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். அதை மொட்டைமாடி பஸ்ஸின் நாளில் திணித்தால் வேறு இரண்டு நிறுத்தம் அடிபடும். வேறொரு நாள் விடியற்காலையில் தனியாகப் போவதே எங்கள் யோசனை. டாங்ளின் வாயிலுக்கு நேப்பியர் எம்ஆர்டி. மறுமுனையில் புக்கிட் தீமா வாயிலுக்குத் தாவரவியல் தோட்ட நிலையம். இரண்டு வாயிலுக்கும் இடையே தூரம் அதிகம், எந்த வாயில் என்று பேசிக்கொள்ளாமல் சந்திப்பு வைத்துக்கொள்ளாதீர்கள்.

பொது இரட்டைத் தள பஸ்ஸிலேயே இப்படிச் சுற்ற முடியாதா?

தாராளமாக. மேல்தளத்தின் முன்வரிசைக் கண்ணாடிக்குப் பின்னால் ஏசியில் உட்கார்ந்து பார்க்கலாம். உதாரணத்துக்கு 106: பூமலையின் டாங்ளின் வாயில் பக்கம் ஏறினால் ஆர்ச்சர்ட் சாலை, சன்டெக் வழியாக மரீனா பே சேண்ட்ஸ் வரை கொண்டு போகும். நகரை நோக்கிப் போகும் திசையில் ஏறுங்கள். திரும்பும் திசையில் ஆர்ச்சர்ட் சாலையில் ஓட வழியில்லாததால் பேரங்காடிகளின் பின்பக்கத்தைத்தான் காட்டும். 36-ம் எண் சாங்கி விமான நிலையத்திலிருந்து மரீன் பரேட், சன்டெக், ஆர்ச்சர்ட் என்று வரும். சிராங்கூன் சாலைக்கு 65, 147. ஒரே எண்ணில் ஒற்றைத் தள பஸ்ஸும் வரும். வருகை நேரம் காட்டும் செயலிகளில் அடுத்து வருவது இரட்டைத் தளமா என்பதும் தெரியும்.

ஆனால் சில விதிகள் தெரியாமல் ஏறினால் மாட்டிக்கொள்வீர்கள்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் பயண அட்டையைக் கருவியில் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் அந்தத் தடத்தின் கடைசி வரை போனதாகக் கணக்கிட்டு அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. நம் ஊர் வங்கி அட்டையைத் தட்டினால் வேலை செய்யலாம், நிர்வாகக் கட்டணமும் சேரும். இரண்டு மூன்று நாள் தங்குபவர் ஈஸி-லிங்க் எனும் பயண அட்டை வாங்குவது மேல். காசாகக் கொடுத்தால் மிச்சம் தரமாட்டார்கள்.

மாறி ஏறினால் கட்டணம் தொடர்கணக்காகச் சேரும்: ஒரு பயணத்தில் ஐந்து மாற்றம் வரை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 45 நிமிடத்துக்குள், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள். இதில் ஒரு கண்ணி உண்டு. இறங்கிய அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினால் அது மாற்றமாகாது, புதிய பயணம். 106-ல் இறங்கி அரை மணி நேரம் சுற்றிவிட்டு அடுத்த 106-ல் ஏறினால் அடிப்படைக் கட்டணம் மறுபடி தொடங்கும். ஹாப்-ஆன் பாணியில் ஏறி இறங்குபவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். என்றாலும் போவது ஒன்றிரண்டு வெள்ளிதான். அதுவும் வேண்டாம் என்றால் ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று கிடைக்கும் சுற்றுப்பயணி அட்டை வாங்கினால் எண்ணிப் பார்க்காமல் ஏறலாம்.

கடைசியாக ஒன்று: நிறுத்தத்தில் நின்றால் மட்டும் பஸ் நிற்காது. கையை நீட்டிக் காட்ட வேண்டும். மேல்தளத்திலும் படியிலும் நின்றுகொண்டு போகக்கூடாது.

எம்ஆர்டியில் எந்த இணைப்பு உதவும்?

இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஊதா நிற வடக்கு-கிழக்குத் தடத்தில் லிட்டில் இந்தியாவிலிருந்து மூன்றாவது நிலையம் சைனாடவுன். நீல நிற டௌன்டவுன் தடத்தில் லிட்டில் இந்தியாவிலிருந்து நான்காவது நிலையம், மரீனா பே சேண்ட்ஸை ஒட்டிய பேஃபிரண்ட். சைனாடவுனிலிருந்து அதே பேஃபிரண்ட் மூன்றாவது. ஆக மூன்று முக்கிய இடங்களும் ஒரு முக்கோணம், எந்தப் பக்கமும் நான்கு நிலையத்துக்கு மேல் இல்லை. மொட்டைமாடி பஸ் வர நாற்பது நிமிடம் என்றால் நிற்காதீர்கள், ரயிலில் போய்விட்டு அடுத்த இடத்தில் பஸ்ஸைப் பிடியுங்கள். சீட்டு வீணாகாது.

வெயில் எப்போது மோசம்?

சிங்கப்பூர்க் கடிகாரம் 1982-ல் உலகப் பொது நேரத்துக்கு (யூடிசி) எட்டு மணி நேரம் முன்னால் வைக்கப்பட்டது. ஊர் இருக்கும் தீர்க்கரேகைக்கு அது ஒரு மணி நேரம் கூடுதல். அதனால் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, 1 மணி வாக்கில். சென்னைப் பழக்கத்தில் "மூணு மணிக்கு வெயில் தாழ்ந்துடும்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். காலை 11.30 முதல் 4 மணி வரை மேல்தளத்தைத் தவிர்த்துக் கீழ்தள ஏசியிலோ, அருங்காட்சியகத்திலோ, சாப்பாட்டு மேசையிலோ இருங்கள்.

மேலே உட்காரும்போது கன்னத்தைவிட முதலில் கன்றிப்போவது பாதத்தின் மேற்புறமும் தலை வகிடும்தான். செருப்புப் போட்டவர்கள் பாதத்துக்கும் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளுங்கள். தொப்பிக்கு நாடா இருக்க வேண்டும். துப்பட்டாவையும் முந்தானையையும் இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது. ஓடும் பஸ்ஸில் காற்று இருப்பதால் சுடுவது தெரியாது, இறங்கிய பிறகே தெரியும்.

மழை வந்தால்?

மேல்தளத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கூரை போட்ட பஸ்களும் உண்டு, கூட்டமாக இருந்தால் அங்கே இடம் கிடைக்காது. இடி மின்னல் என்றால் எல்லாரையும் கீழே இறங்கச் சொல்வார்கள். ஓடும் பஸ்ஸின் மேல்தளத்தில் குடை விரிக்காதீர்கள்; காற்று பிடுங்கிக்கொண்டு பின்னால் வரும் வண்டிமேல் போடும். மடித்து வைக்கும் மழைக்கோட்டு போதும்.

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் ஜனவரி வரை; டிசம்பரில் அதிகம், சில நாள் விடாமல் பெய்யும். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் காற்றுமழை பெரும்பாலும் காலைக்குள் கடந்துவிடும். பிற்பகல் மழைக்குப் பிந்தைய 4 மணிச் சுற்று சுகமானது: தூசு அடங்கியிருக்கும், படமும் தெளிவாக விழும். இருக்கையைத் துடைக்க ஒரு சிறு துண்டு மட்டும் வேண்டும்.

எந்தப் பக்கம் உட்காருவது?

நம் ஊர் போலவே வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. இடது இருக்கையிலிருந்து கடைவீடுகளின் மாடிச் சன்னல்களும் பலகைகளும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், சாலையோர மரக்கிளையும் அதே தூரத்தில் வரும். எழுந்து நிற்க வேண்டாம், கையை வெளியே நீட்ட வேண்டாம். வலப்பக்கம் அகலமான காட்சிக்கு. நிழல் பக்கம் என்று ஒன்று இல்லை. பஸ் திரும்பிக்கொண்டே இருப்பதால் வெயில் எல்லார்மேலும் முறை வைத்து விழும்.

விளக்கவுரை தமிழில் கிடைக்குமா?

தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. அதற்காகச் சுற்றுலா ஒலிப்பதிவிலும் இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், மொழிப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வீட்டில் யாராவது ஒருவர் அடுத்த நிறுத்தத்தை முன்கூட்டியே படித்து வைத்துச் சொல்வது ஒலிப்பதிவைவிட நன்றாகவே இருக்கும். காதில் மாட்டும் கருவிக்குக் கம்பி செருகும் துளைதான் இருக்கும். ப்ளூடூத் மட்டும் வைத்திருப்பவர்கள் பஸ்ஸில் கொடுக்கும் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி, சக்கர நாற்காலி, குழந்தை வண்டி?

படி குறுகல், வளைந்து ஏறும். பஸ் நின்றிருக்கும்போதே ஏறி இறங்க வேண்டும்; உங்கள் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே கீழே வந்துவிடுவது பெரியவர்களுக்கு நல்லது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எந்தப் பஸ்ஸில் உண்டு என்று முன்பதிவுக்கு முன் கேளுங்கள். பொது பஸ்கள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறும், குழந்தை வண்டியை மடிக்காமலும் ஏற்றலாம். 0.9 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பொது பஸ்ஸில் கட்டணம் இல்லை.

சாப்பாடு?

பொது பஸ்ஸிலும் ரயிலிலும் தின்னவோ குடிக்கவோ கூடாது, அபராதம் உண்டு. தண்ணீர் ஒரு மடக்கும்கூட அதில் சேரும். சைவத்துக்கு லிட்டில் இந்தியாவைவிட வசதியான இடம் இல்லை. சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது. மதியச் சாப்பாட்டை 11.30-க்கே முடித்துவிட்டால் அலுவலகக் கூட்டத்தில் சிக்க மாட்டீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், வெறும் பாட்டில் ஒன்று எடுத்து வாருங்கள்.

இரவு விளக்குகளைப் பார்க்க இதே சீட்டு போதுமா?

பெரும்பாலும் போதாது. பகல் வட்டங்கள் மாலை 5, 6 மணியோடு ஓய்ந்துவிடும். இங்கே ஆண்டு முழுக்க இருட்டுவது 7 மணிக்கு மேல். இரவுச் சுற்று தனிச் சீட்டு, வழக்கமாக நடுவில் இறங்கி ஏறும் வசதி இருக்காது.

கரையோரப் பூந்தோட்டத்தின் (கார்டன்ஸ் பை தி பே) ராட்சத மரங்களில் ஒளி ஒலிக் காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும், இலவசம். பேஃபிரண்ட் நிலையத்திலிருந்து நடை தூரம். முதல் காட்சிக்கு 7.30-க்கே போய் மரத்தடியில் தரையில் படுத்துப் பாருங்கள், கழுத்து வலிக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் என்றால் அதை முடித்துவிட்டு டௌன்டவுன் தடத்தில் லிட்டில் இந்தியா போய், சிராங்கூன் சாலையில் 147-ன் மேல்தளத்தில் ஏறுங்கள். அலங்கார வளைவுகள் தலைக்கு மேலே ஒவ்வொன்றாகக் கடக்கும். பெருமாள் கோயில் பக்கம் இறங்கிவிடலாம்.

எந்த நாட்களில் தடம் மாறும்?

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயம் மரீனா பே சாலைகளிலேயே ஓடுவதால் அந்த வாரம் முழுக்க அப்பகுதி அடைபடும். தேசிய தினம் ஆகஸ்ட் 9. அதற்கு முந்தைய சனிக்கிழமை ஒத்திகைகளுக்கும் சாலை மூடுவார்கள். சீனப் புத்தாண்டுக்குச் சைனாடவுன், தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை முதல் தேங்க் ரோடு வரை, தீமிதிக்குச் சவுத் பிரிட்ஜ் சாலை. சில நிறுத்தங்களை மட்டும் விட்டுவிட்டு ஓடுவார்கள், சீட்டு விலையைக் குறைக்க மாட்டார்கள்.

சாங்கியில் ஏழு மணி நேர இடைத்தங்கல். ஊருக்குள் வந்து இதில் ஏறலாமா?

வேண்டாம். குடிநுழைவு, போய்வரும் பயணம், திரும்பவும் பாதுகாப்புச் சோதனை என்று கழித்தால் கையில் நிற்பது மூன்று மணி நேரம்கூட இருக்காது. குறைந்தது ஐந்தரை மணி நேரம் இடைத்தங்கல் உள்ளவர்களுக்கு விமான நிலையமே இலவச நகர்உலா நடத்துகிறது. சிங்கப்பூருக்குள் நுழையும் அனுமதி மட்டும் வேண்டும்.

விலங்கியல் தோட்டத்துக்கு இந்தப் பஸ் போகுமா?

போகாது. அந்தத் தோட்டம் இருக்கும் மண்டாய், பஸ் சுற்றும் நகர வட்டத்துக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே தனி நாள், தனிப் போக்குவரத்து: அங் மோ கியோவிலிருந்து 138-ம் எண் பஸ்.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால்?

கடைசி பஸ் என்று அட்டவணையில் போட்டிருப்பது முதல் நிறுத்தத்திலிருந்து புறப்படும் நேரமா, உங்கள் நிறுத்தத்தைக் கடக்கும் நேரமா என்பதில்தான் குழப்பமே. சில தடங்களில் கடைசி பஸ் முழு வட்டமும் சுற்றாமல் பாதியில் முடிந்துவிடும். மாலை 4 மணிக்கு மேல் ஏறும்போது ஓட்டுநரிடம் "இது எதுவரை போகும்?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். தவறிவிட்டாலும் பதற வேண்டாம். நகர மையத்தில் எங்கே நின்றாலும் எம்ஆர்டி பத்துப் பதினைந்து நிமிட நடையில் இருக்கும், நள்ளிரவு வாக்கில்தான் ஓய்வெடுக்கும்.